போஸ்ட்கிரெஸ் உங்கள் பொறுப்புக்கு வந்தால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

சிறிய நிறுவனங்களில் டேட்டாபேஸுக்கென்று தனியாக ஆள் வைப்பதில்லை. அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். "நீதான் எஸ்க்யூஎல் எழுதுறியே, இதையும் பாத்துக்கப்பா" என்று பொறுப்பு உங்களிடம் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். க்வெரி எழுதத் தெரியும். சர்வர் நின்றுபோனால் முதலில் எங்கே பார்ப்பது என்று தெரியாது. அந்த நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் பழகியது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கும் யோசிக்கும் முறை இதேதான். கட்டளைகளின் பெயர்கள் மாறும். கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நடுவே அடிக்கோடு வருகிற இடத்தில் தட்டும்போதும் அடிக்கோடு போடுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பெரிய சேதங்களில் பலவும், சின்னக் கோளாறு ஒன்றைச் சரிசெய்யப் போன கை அவசரப்பட்டதால் வந்தவை. அதனால் கீழே வரும் எல்லாப் படிகளிலும் பார்ப்பது முதலில் வரும், தொடுவது பிறகுதான்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று எழுதிவையுங்கள்

ஒரு நோட்டை எடுங்கள். 'செலக்ட் வெர்ஷன்()' கொடுத்தால் எந்தப் பதிப்பு என்று தெரியும். 'ஷோ டேட்டா_டைரக்டரி' கொடுத்தால் டேட்டா எந்த அடைவில் இருக்கிறது என்று தெரியும். போர்ட் எண் வழக்கமாக 5432. எத்தனை டேட்டாபேஸ், ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி, எந்த ஆப் எந்தப் பயனர் பெயரில் உள்ளே வருகிறது, பேக்கப் எங்கே போகிறது, நகல் சர்வர் உண்டா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரே எழும்பாத நேரத்தில்தான் இந்தத் தகவல் தேவைப்படும். அதனால் இதை அந்த சர்வருக்குள்ளேயே சேமித்துவைக்க வேண்டாம்.

எழுதும்போதே இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஆப், சூப்பர்யூசர் (எல்லா அனுமதியும் உள்ள பயனர்) பெயரில் உள்ளே வருகிறதா? வந்தால், அதற்குத் தேவையான அனுமதி மட்டும் உள்ள தனிப் பயனரை உருவாக்கி மாற்றுங்கள். 5432 போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறதா? அப்படியென்றால் இன்றே மூடுங்கள். இவை நாளைக்கு ஒத்திப்போடக் கூடிய வேலைகள் அல்ல.

அடுத்து, எந்த சர்வரில் நிற்கிறீர்கள் என்பது எப்போதும் கண்ணில் படும்படி செய்யுங்கள். 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் புராஜெக்டுகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள். நகல் சர்வரின் டேட்டா அடைவை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்க நினைத்த பொறியாளர், அழிக்கும் கட்டளையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடிகளில் தவறு தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. அவர் அனுபவம் இல்லாதவர் அல்ல. நெடுநேரம் வேலை பார்த்த களைப்பில் ஒரே மாதிரி இரண்டு ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தார். யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

அதனால் முதன்மை சர்வரின் ஜன்னலுக்குச் சிவப்புப் பின்னணி வையுங்கள். கட்டளைகளைத் தட்டும் பிஎஸ்க்யூஎல் கருவியின் தொடக்க வரியில் சர்வர் பெயர் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

படி 2: பேக்கப் எடுங்கள், அதை மீட்டும் பாருங்கள்

கிட்லேப் கதையில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி அழித்தது அல்ல, அதற்குப் பின் நடந்தது. அவர்களிடம் பேக்கப்புக்குப் பல வழிகள் இருந்தன. டேட்டாபேஸைக் கோப்பாக எடுத்துவைக்கும் பிஜி_டம்ப் கருவி தினமும் ஓடுவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, ஓடிய பிஜி_டம்ப் கருவியோ 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. அந்தப் பிழையைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரில் திருப்பி அனுப்பப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் காப்பாற்றியது, சோதனைக்காக அதே பொறியாளர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த ஒரு டிஸ்க் நகல். அப்படியும் சுமார் 5,000 புராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

பேக்கப் கோப்பு இருக்கிறது என்பதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். மீட்டுப் பார்த்த பிறகுதான் அது பேக்கப். நான் செய்யும் முறை இது.

தினமும் இரவு பிஜி_டம்ப், கஸ்டம் வடிவத்தில். அந்த வடிவத்தில் எடுத்தால் பிறகு ஒரே ஒரு டேபிளை மட்டும் மீட்கவும் முடியும். பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும். பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அதில் வராது. அவற்றுக்கு பிஜி_டம்ப்ஆல் கருவியை 'குளோபல்ஸ் ஒன்லி' என்ற தேர்வோடு தனியாக ஓட்ட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். புது சர்வரில் எல்லாம் மீட்டுவிட்டு, ஆப் உள்ளே வர முடியாமல் நிற்கும்போதுதான் நினைவு வரும்.

கோப்பு வேறொரு இயந்திரத்துக்குப் போக வேண்டும், முடிந்தால் வேறொரு ஊருக்கு. வாடிக்கையாளர் விவரம் இருப்பதால் பூட்டிய கோப்பாகவே அனுப்புங்கள். பூட்டின் சாவியை அதே சர்வரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

மாதம் ஒரு முறை, வேறொரு கணினியில் புதிய டேட்டாபேஸ் உருவாக்கி, பிஜி_ரிஸ்டோர் கொண்டு மீட்டெடுங்கள். மீட்டதும், டேபிள்களின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் 'அனலைஸ்' ஓட்டுங்கள். இல்லையென்றால் எல்லாக் க்வெரியும் மந்தமாகத் தெரிந்து வீணாகப் பயந்துபோவீர்கள். பிறகு முக்கியமான டேபிள்களில் வரிசைகளை எண்ணுங்கள். கடைசி ஆர்டரின் நேரத்தைப் பாருங்கள். மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். சர்வர் போன நாளில் முதலாளி உங்களிடம் கேட்கப் போகும் முதல் கேள்விக்கு விடை அதுதான்.

இரவு 2 மணிக்கு எடுத்த பேக்கப், மாலை 5 மணிக்கு டிஸ்க் போனால் 15 மணி நேர விற்பனையைத் தராது. அந்த இழப்பைத் தாங்க முடியுமா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். அந்த முடிவை நீங்களாக எடுக்காதீர்கள். தாங்க முடியாது என்றால் பிஜி_பேஸ்பேக்கப் கொண்டு சர்வரின் டேட்டா முழுவதையும் நகலெடுத்து, அதோடு வால் கோப்புகளை (ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரெஸ் எழுதிவைக்கும் கோப்புகள்) தொடர்ந்து வேறிடத்தில் சேமிக்கும் முறைக்குப் போக வேண்டும். அதில் '4 மணி 52 நிமிடத்துக்கு இருந்தபடி மீட்டுக் கொடு' என்று கேட்க முடியும். நகல் சர்வர் இதற்கு ஈடாகாது. முதன்மையில் யாராவது டேபிளை அழித்தால், அடுத்த நொடியே நகலிலும் அழிந்துவிடும்.

படி 3: கையால் டேட்டாவைத் திருத்தும்போது

'பிகின்' என்று தொடங்காமல் அப்டேட்டோ டெலீட்டோ கொடுக்காதீர்கள். முதலில் அதே 'வேர்' நிபந்தனையை வைத்து எத்தனை வரிசைகள் என்று எண்ணிப் பாருங்கள். 3 என்று வருகிறதா? பிறகு பிகின், அப்டேட். 'அப்டேட் 3' என்று பதில் வந்தால் கமிட். 'அப்டேட் 48210' என்று வந்தால் ரோல்பேக், எதுவும் நடக்கவில்லை. பிகின் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். அதனால் என்ன ஆகும் என்று சற்றுக் கீழே சொல்கிறேன்.

படி 4: "ஆப் ஓடல" என்று போன் வந்தால்

முதலில் ரீஸ்டார்ட் செய்யத் தோன்றும். வேண்டாம். ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிவிடும், ஆனால் காரணம் மறைந்துவிடும். நாளை அதே நேரத்துக்கு அதே போன் வரும். இந்த வரிசையில் பாருங்கள்: டிஸ்கில் இடம் இருக்கிறதா, போஸ்ட்கிரெஸின் பதிவுக் கோப்பில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது, உள்ளே யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் போதும்.

டிஸ்க் நிறைந்திருந்தால், எந்த அடைவு பெருத்திருக்கிறது என்று பாருங்கள். பல சமயம் பிஜி_வால் அடைவாக இருக்கும். அதற்குள் 16 எம்பி அளவில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். பார்ப்பதற்குப் பழைய பதிவுக் கோப்புகள் போலத்தான் தெரியும். அழித்துவிடாதீர்கள். அவைதான் போஸ்ட்கிரெஸ் தன் மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் இடம். ஒன்றை இழந்தாலும் சர்வர் எழும்பாமல் போகலாம். முன்பு இந்த அடைவின் பெயர் பிஜி_எக்ஸ்லாக். பெயரில் லாக் என்று இருந்ததால், தேவையில்லாத பதிவுகள் என்று நினைத்துப் பலர் அழித்தார்கள். அந்தக் குழப்பத்துக்காகவே 2017 இல் வந்த 10 ஆம் பதிப்பில் பெயரை மாற்றினார்கள்.

அந்த அடைவு பெருப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். வால் கோப்புகளை வெளியே அனுப்பும் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கலாம். அல்லது எப்போதோ கைவிட்ட நகல் சர்வருக்கான ரெப்ளிகேஷன் ஸ்லாட் இன்னும் உயிரோடு இருந்து, 'அவன் வருவான், எதையும் அழிக்காதே' என்று பிடித்துவைத்திருக்கலாம். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் என்ற வியூவைப் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்தால் போஸ்ட்கிரெஸே பழைய கோப்புகளை நீக்கிவிடும். அதுவரை மூச்சுவிட இடம் வேண்டுமே? அதற்காக நான் ஒவ்வொரு சர்வரிலும் 2 ஜிபிக்கு ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி வைத்திருப்பேன். அவசரத்துக்கு அதை அழித்தால் உடனே இடம் கிடைக்கும்.

'மன்னிக்கவும், ஏற்கெனவே இணைப்புகள் அதிகம்' என்ற பொருளில் பிழை வந்தால், இணைப்புகளின் எண்ணிக்கை உச்ச வரம்பைத் தொட்டுவிட்டது. இயல்பான வரம்பு 100. அதில் 3 இடம் சூப்பர்யூசருக்கு ஒதுக்கியிருக்கும், அதனால் நீங்கள் உள்ளே போக முடியும். ஆப் சூப்பர்யூசராக வரக் கூடாது என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: வந்தால் உங்களுக்கான அந்த 3 இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். வரம்பை 1000 ஆக்கிவிடத் தோன்றும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனி புராசஸ், நினைவகம் தின்றுவிடும். ஆப் இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே கூட்டம் அதிகம் என்றால், சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் கருவியை நடுவில் போடுங்கள்.

படி 5: பூட்டுகள்

எல்லாம் ஓடுகிறது, டிஸ்கில் இடம் இருக்கிறது, சிபியு சும்மா இருக்கிறது. ஆனால் ஆப் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இப்படியானால் பூட்டுதான் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு மதியம் எங்கள் ஆர்டர் திரை முழுவதும் நின்றுவிட்டது. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவைத் திறந்தேன். நாற்பதுக்கு மேல் இணைப்புகள் காத்துக்கொண்டிருந்தன. ஒரே ஓர் இணைப்பு மட்டும் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்ற நிலையில், 50 நிமிடமாக. கூட வேலை பார்த்தவர் ஸ்டாக் டேபிளில் ஒரு அப்டேட் கொடுத்துவிட்டு, கமிட் செய்யாமல் சாப்பிடப் போயிருந்தார். அவர் தொட்ட வரிசைகள் பூட்டியபடியே இருந்தன. அவற்றைத் தொட வேண்டிய எல்லோரும் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

பார்க்க வேண்டியது இப்படி. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பிஐடி (இணைப்பின் எண்), ஸ்டேட், எக்ஸாக்ட்_ஸ்டார்ட் (தட்டும்போது முதல் எழுத்து எக்ஸ், முன்னால் ஈ வராது), க்வெரி ஆகிய நான்கையும் எடுத்து, எக்ஸாக்ட்_ஸ்டார்ட் பழையது முதலில் வரும்படி அடுக்குங்கள். காத்திருக்கும் இணைப்பின் எண்ணை பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அதை மறித்து நிற்பவர் யார் என்று சொல்லும். சங்கிலியாகப் போகும்; ஆளை விட்டு ஆள் பிடித்துத் தலைவரைக் கண்டுபிடியுங்கள். நடுவில் நிற்பவரை வெளியேற்றிப் பயனில்லை.

தலைவர் ஏதாவது க்வெரி ஓட்டிக்கொண்டிருந்தால் பிஜி_கேன்சல்_பேக்எண்ட் போதும்; அந்தக் க்வெரி மட்டும் நிற்கும். ஐடில் இன் டிரான்சாக்ஷன் நிலையில் ஓடும் க்வெரியே இல்லை, அதனால் கேன்சல் எதையும் செய்யாது. அங்கே பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் தேவை. அதற்கு முன் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் செய்த திருத்தம் ரோல்பேக் ஆகிவிடும். லினக்ஸில் 'கில் மைனஸ் 9' மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். ஒரு புராசஸ் அப்படிச் செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி போஸ்ட்கிரெஸ் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்பு வேலையைத் தொடங்கிவிடும்.

மறுபடி நடக்காமலிருக்க ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற அமைப்பு இருக்கிறது. நான் 5 நிமிடம் வைத்திருக்கிறேன்.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு, இது பலரை ஏமாற்றும். பகலில் ஒரு ஆல்டர் டேபிள் கொடுக்கிறீர்கள். அதே டேபிளில் யாரோ நீண்ட அறிக்கை ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஆல்டர் அவருக்காகக் காத்திருக்கும். அதுவரை சரி. ஆனால் அதற்குப் பின் வரும் சாதாரண செலக்டுகள்கூட உங்கள் ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிடும். நொடியில் முடிகிற ஆல்டர்தான், ஆனால் கடை முழுக்க நின்றுபோகும். அதனால் ஆல்டருக்கு முன் 'செட் லாக்_டைம்அவுட்' கொண்டு 2 அல்லது 3 வினாடி வரம்பு வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் பிழை காட்டி விலகிக்கொள்ளும். சற்று நேரம் கழித்து மறுபடி முயலலாம். இன்டெக்ஸ் போடும்போது 'கன்கரன்ட்லி' என்ற சொல்லைச் சேருங்கள். மற்றவர்கள் எழுதுவதைத் தடுக்காது. அதை பிகினுக்குள் ஓட்ட முடியாது. பாதியில் தோற்றால் 'இன்வேலிட்' என்ற குறியோடு அரைகுறை இன்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அதை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

டெட்லாக் பிழை வந்தால் பதற வேண்டாம். ஒரு பில் வேட்டியின் ஸ்டாக்கைப் பூட்டிவிட்டுச் சேலைக்குக் காத்திருக்கிறது. இன்னொன்று சேலையைப் பூட்டிவிட்டு வேட்டிக்குக் காத்திருக்கிறது. 1 வினாடி பார்த்துவிட்டு போஸ்ட்கிரெஸே ஒன்றை ரத்து செய்யும். தீர்வு ஆப்பில்தான் இருக்கிறது: எந்த பில்லாக இருந்தாலும் பொருள் எண் வரிசையில் பூட்டும்படி எழுதச் சொல்லுங்கள்.

படி 6: மந்தமான க்வெரி

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்பார்கள். எது ஸ்லோ என்று யாருக்கும் தெரியாது. ஊகிக்காமல் அளந்து பார்க்க பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதை இயக்க ஒரு முறை ரீஸ்டார்ட் தேவை, அதனால் அமைதியான நாளிலேயே போட்டுவையுங்கள். ஒவ்வொரு க்வெரியும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கு வைத்திருக்கும்.

மொத்த நேரத்தின்படி அடுக்குங்கள், சராசரியின்படி வேண்டாம். நாளைக்கு ஒரு முறை ஓடும் 10 வினாடி அறிக்கை கண்ணை உறுத்தும். ஆனால் 20 மில்லிவினாடியில் முடிகிற சின்னக் க்வெரி ஒரு நாளில் 1 லட்சம் முறை ஓடினால் 2,000 வினாடி, அதாவது அரை மணி நேரத்துக்கும் மேல். சர்வரைத் தின்பது அதுதான். பெரும்பாலும் அது ஆப்பில் ஒரு லூப்புக்குள் உட்கார்ந்திருக்கும்: 200 ஆர்டர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்கும். ஒரே ஜாயினில் வாங்க வேண்டியதை 201 முறை கேட்கிறது. அங்கே டேட்டாபேஸில் எதை முடுக்கினாலும் பெரிய பலன் வராது.

க்வெரியைப் பிடித்துவிட்டால், முன்னால் 'எக்ஸ்பிளெய்ன்' போட்டு ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் எந்த வழியில் போக நினைக்கிறது என்று சொல்லும். 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' போட்டால் உண்மையிலேயே ஓட்டிப் பார்த்துச் சொல்லும். உண்மையிலேயே என்பதைக் கவனியுங்கள்: டெலீட்டுக்கு முன்னால் போட்டால் வரிசைகள் அழிந்துவிடும். அப்படிப் பார்க்க வேண்டியிருந்தால் பிகின், ரோல்பேக் இரண்டுக்கும் நடுவே ஓட்டுங்கள்.

வருகிற திட்டத்தை உள்ளே தள்ளியிருக்கும் வரியிலிருந்து வெளியே நோக்கிப் படிக்க வேண்டும். முதலில் நான் தேடுவது ஒன்றைத்தான்: எதிர்பார்த்த வரிசைகள் எத்தனை, உண்மையில் வந்தவை எத்தனை. 12 வரும் என்று நினைத்து 3 லட்சம் வந்திருந்தால், திட்டம் தவறாகப் போனதன் வேர் அங்கே இருக்கிறது. பெரும்பாலும் புள்ளிவிவரம் பழசாகியிருக்கும். அந்த டேபிளுக்கு 'அனலைஸ்' ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பாதிப் புகார்கள் இதோடு முடிந்த நாட்கள் எனக்கு உண்டு.

'சீக் ஸ்கேன்' என்று கண்டதும் இன்டெக்ஸ் போட ஓடாதீர்கள். 500 வரிசை உள்ள டேபிளை முழுக்கப் படிப்பதுதான் வேகம். பெரிய டேபிளிலும் பாதி வரிசைகள் தேவைப்பட்டால் அப்படித்தான். 50 லட்சம் வரிசையில் 20 ஐத் தேட முழுவதையும் படித்தால் மட்டும் இன்டெக்ஸ் யோசியுங்கள்.

இன்டெக்ஸ் இருந்தும் பயன்படுத்தவில்லையா? 'வேர்' பகுதியில் நெடுவரிசையின் மேல் ஏதாவது ஃபங்ஷன் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பில் நேரத்தைத் தேதியாக மாற்றி இன்றைய தேதியோடு ஒப்பிட்டால், நேரத்தின் மேலுள்ள இன்டெக்ஸ் உதவாது. 'இன்று 0 மணி முதல், நாளை 0 மணிக்கு முன்பு வரை' என்று எழுதினால் உதவும். இரண்டு நெடுவரிசை சேர்ந்த இன்டெக்ஸ் அகராதி மாதிரி. முதல் எழுத்து தெரிந்தால் பக்கத்தைப் பிடிக்கலாம். இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் முழு அகராதியையும் புரட்ட வேண்டியதுதான். அதனால் எப்போதும் சமன் குறியோடு தேடும் நெடுவரிசையை முன்னால் வையுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தகவல். அங்கே வழக்கமான சேமிப்பு முறையான இன்னோடிபி, ஃபாரின் கீ வைத்தால் தானே இன்டெக்ஸும் போட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் போடாது. ஒரு வாடிக்கையாளரை அழிக்க முயன்றால், அவரைச் சுட்டும் ஆர்டர் உண்டா என்று ஆர்டர் டேபிள் முழுவதையும் படிக்கும். அழிப்பது ஏன் இவ்வளவு நேரம் என்று நான் ஒரு நாள் முழுக்கத் தேடியது இதைத்தான்.

படி 7: வேக்யூமை நிறுத்தாதீர்கள்

1986 இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் போஸ்ட்கிரெஸ் தொடங்கியபோதே, பழைய வரிசையின் மேலேயே எழுதாமல் புதிதாக ஒன்றைப் பக்கத்தில் எழுதுவது என்று முடிவு செய்தார்கள். இன்றும் அப்படித்தான். அப்டேட் செய்தால் பழைய வரிசை செத்தபடி அங்கேயே கிடக்கும். அதைத் துப்புரவு செய்வது ஆட்டோவேக்யூம். ஒரு டேபிளில் 50 வரிசையும் அதோடு 20 சதவீதமும் செத்தால் வேலையைத் தொடங்கும். 1 கோடி வரிசை உள்ள டேபிளில் 20 லட்சம் செத்த பிறகுதான் தொடங்கும் என்று பொருள். அது தாமதம். அடிக்கடி மாறும் பெரிய டேபிளுக்கு மட்டும் அந்த விகிதத்தை 0.02 ஆகக் குறைத்துவிடுங்கள்.

'ஆட்டோவேக்யூம் டிஸ்கைத் தின்கிறது, நிறுத்திவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். டேபிள் வீங்குவது ஒருபுறம். பரிவர்த்தனை எண்கள் 32 பிட் என்பதால் சுமார் 200 கோடிக்குள் பழைய வரிசைகளை 'உறையவைத்து' முடிக்க வேண்டும். அந்த வேலையும் வேக்யூமுடையதுதான். எல்லை நெருங்கினால் போஸ்ட்கிரெஸ் புதிதாக எழுதுவதையே மறுத்துவிடும்.

'வேக்யூம் ஃபுல்' வேறு. டேபிளை முழுக்கப் பூட்டி, மறுபடி எழுதும். அதற்கு இன்னொரு மடங்கு இடமும் வேண்டும். வேலை நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால்

வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் இன்னும் சில சிக்கல்கள் வரும். 'கோபால்' என்று தேடுகிறீர்கள், கிடைக்கவில்லை. திரையில் கோபால் இருக்கிறார். யூனிகோடில் 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு எனும் ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு. 13 ஆம் பதிப்பு முதல் 'நார்மலைஸ்' ஃபங்ஷன் இருக்கிறது. உள்ளே எழுதும்போதே அதன் வழியாக அனுப்புங்கள், தேடும் சொல்லையும் அதன் வழியாக அனுப்புங்கள். 'கௌரி'யில் குறிக்குப் பதிலாக ள எழுத்தையே தட்டியிருந்தால் நார்மலைஸும் கைவிட்டுவிடும். அவற்றை ஆப்பில் தனியாகத் திருத்த வேண்டும்.

நீளமும் அப்படித்தான். கோபால் நமக்கு 3 எழுத்து. போஸ்ட்கிரெஸ் 6 என்று எண்ணும், யூடிஎஃப்-8 இல் 18 பைட் ஆகும். 'வார்கேர் 20' என்று ஆங்கிலப் பெயரை நினைத்து வைத்த நெடுவரிசையில் 'கிருஷ்ணமூர்த்தி'யும் அவர் தந்தை பெயரும் சேர்ந்து அடங்காது.

அகர வரிசையில் அடுக்கும்போது, 'சி' என்ற கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) குறியீட்டு எண்ணின்படி அடுக்கும். அதில் ந முடிந்ததும் ன வரும், ரவுக்குப் பிறகு ற வரும். நம் வரிசையில் ற, ன இரண்டும் கடைசி. 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற கொலேஷனைக் கொடுத்து அடுக்கினால் தமிழ் வரிசையில் வரும்.

கொலேஷன் தொடர்பாக ஒரு கடுமையான எச்சரிக்கை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2018 இல் 2.28 ஆம் பதிப்பில் அடுக்கும் விதிகளை வெகுவாக மாற்றியது. பழைய விதியில் அடுக்கிய இன்டெக்ஸைப் புதிய விதியில் தேடினால், இருக்கிற வரிசையே இல்லை என்று சொல்லும்; யுனீக் நெடுவரிசையில் இரட்டைப் பதிவுகூட நுழைந்துவிடும். டேட்டா அடைவை அப்படியே வைத்துக்கொண்டு பழைய லினக்ஸிலிருந்து புதியதற்கு மாறினால், எழுத்து வகை நெடுவரிசைகளின் இன்டெக்ஸ்களை 'ரீஇன்டெக்ஸ்' செய்த பிறகே ஆப்பைத் திறந்துவிடுங்கள்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

இதுவரை சொன்னவற்றை நீங்களே செய்யலாம். ஒன்று மட்டும் வேறு வகை. பதிவுக் கோப்பில் 'இன்வேலிட் பேஜ் இன் பிளாக்' என்று ஒரு வரி வந்தால், டிஸ்கிலுள்ள டேட்டாவே கெட்டிருக்கிறது. இணையத்தில் தேடினால், கெட்ட பக்கத்தைப் பூஜ்யமாக்கும் அமைப்பையும் வாலை மீட்டமைக்கும் கருவியையும் யாராவது பரிந்துரைத்திருப்பார்கள். இரண்டும் இருக்கிற டேட்டாவையும் அழிக்கக்கூடியவை. கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆப்பை நிறுத்துங்கள், போஸ்ட்கிரெஸை முறையாக நிறுத்துங்கள், டேட்டா அடைவு முழுவதையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். பழைய பேக்கப்புகள் எதுவும் தானாக நீங்கிவிடாதபடி அந்த வேலையையும் நிறுத்திவையுங்கள். இதை எத்தனை மணிக்குச் செய்தீர்கள் என்று நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் அனுபவம் உள்ளவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் கேட்கப் போவது அந்த நகலைத்தான்.